மாப்பிள்ளையின் நாலு எழுத்து

நேரு வீதிக்குப் பின்னால் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மீதியை வாடிக்கையாளர்கள் பேசக் கேட்டுத்தான் படித்தேன். ஓர் அம்மாள் புடவையைத் தள்ளிவிட்டு, "இந்தக் கலர் என்னைப் பாத்து மொறைக்குது பாய்" என்றார். இன்னொருவர், "வெலைய அப்புறம் சொல்லுங்க, மொதல்ல துணியோட பேசிக்கிறேன்" என்றார். இப்படிக் கிடைக்கிற பேச்சையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் சொல்வேன். சிரிப்பாள். போன வருடத்திலிருந்து சிரிப்பதை விட்டுவிட்டு, அவர்கள் எந்த வகை என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அங்கே பயிற்சி என்று உட்காரவைத்து, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஒரு பரீட்சையைக் கொடுத்திருக்கிறார்கள். மொபைலில் கேள்விகளுக்குப் பதில் போட்டால் நாலு ஆங்கில எழுத்து வரும். அதுதான் நீங்கள்.

"நாலு எழுத்துல அடங்கிடுவேனா நான்?" என்றேன்.

"எழுத்து மேல்சட்டை அத்தா. உள்ள இருக்கிறதுதான் விஷயம்" என்று என் கடையை வைத்தே விளக்கினாள். ஒருத்தர் துணியைத் தொட்டுப் பார்த்து எடுப்பார், அது புலன். ஒருத்தர் தைத்து முடித்தால் எப்படி இருக்கும் என்று இப்போதே கண்டுவிடுவார், அது உள்ளுணர்வு. ஒருத்தர் அகலத்தையும் விலையையும் கூட்டிக் கழிப்பார், அது சிந்தனை. நாத்தனார் முகம் சுளிப்பாளோ என்று நினைப்பவருக்கு உணர்வு. ஒவ்வொன்றும் உள்ளே பார்த்தபடி இருக்கலாம், வெளியே பார்த்தபடியும் இருக்கலாம். ஆளுக்கு நாலு, அண்ணன் தம்பிகள் மாதிரி வரிசையாக. மூத்தவன் சின்ன வயதிலேயே வீட்டை நடத்தத் தொடங்கிவிடுவான். அடுத்தவன் வாலிபத்தில் கைகொடுப்பான். மூன்றாமவன் முப்பதைத் தாண்டி வாய் திறப்பான். கடைக்குட்டிக்கு விவரம் வர ஐம்பதாகும். அதுவரை கோபம் வந்தால் பாத்திரத்தை உடைப்பான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம். முதல் அலசலில் சாயம் போன துணிகள் எல்லாமே என் கடையில் பளபளவென்று இருந்தவைதான். எங்கள் வீட்டில் ஜாதகம் பார்க்கும் வழக்கம் கிடையாது. அந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று இது வந்து உட்கார்ந்துகொண்டதோ?

நினைத்தபடியே ஆயிற்று. கோரிமேட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் பையனின் சம்பந்தம் வந்தபோது, "அந்தப் பரீட்சைய எழுதச் சொல்லுங்க. எனக்கு ஒத்துவர்ற வகையா இருந்தாத்தான் பேச்சு" என்றாள். பெண் நேராகப் பையனுக்கு அனுப்புவது எங்கள் பக்கம் முறையில்லை. நான் பையனின் அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. வெளியே பார்க்கும் உணர்வுதான் பையனுக்கு மூத்தவனாம். எதிரில் இருப்பவர் வாய் திறக்குமுன் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்கிற வகை.

"இப்படி ஒருத்தர் கெடைக்கிறது கஷ்டம் அத்தா" என்றாள்.

ஆளைப் பார்க்காமலேயே பாதிச் சம்மதம். தன்னை நல்லவன் என்று எழுதிக்கொள்ள யாருக்குத்தான் தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் வந்தார்கள். அந்த அம்மா நுழைந்ததும், "அண்ணே, கடையில நின்னு நின்னு காலு வீங்கியிருக்கு, மொதல்ல உக்காருங்க" என்றார். சமையலறைக்குள் போய், "குடுங்க, வெங்காயத்த நான் நறுக்குறேன், உங்களுக்குக் கண்ணு எரியுது" என்று என் மனைவியிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். பையன் அண்ணாந்து எங்கள் மின்விசிறியை ஆராய்ந்தான். "கண்டென்சர் வீக்கா இருக்கு, அதான் மெதுவா சுத்துது" என்றான். மகள் தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். வைக்க இடமில்லை; ஸ்டூலின்மேல் அவன் ஹெல்மெட். அவனுக்கு அது கண்ணில் படவில்லை. உள்ளேயிருந்துதான் குரல் வந்தது: "டேய், ஹெல்மெட்ட எடுடா!"

மகள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். "அத்தா, அது இவரோட எழுத்து இல்ல."

"வயசு ஏற ஏற வளரும்னு நீதான சொன்ன?"

"மூணாவதும் நாலாவதும்தான் லேட்டா வரும். மூத்தது சின்னதுலேருந்து கூடவே இருக்கும். இவர்கிட்ட இல்லவே இல்ல. யார்கிட்ட இருக்குன்னு பாருங்க." வெங்காயம் நறுக்கும் சத்தம் வந்த பக்கம் கண்ணைக் காட்டினாள். "மாமியாரக் கட்டிக்கிறதா இருந்தா இப்பவே சரின்னுடுவேன்."

திரும்பிப் போய் நேராகவே கேட்டுவிட்டாள். "அந்தக் கேள்விக்கெல்லாம் நீங்கதான பதில் போட்டீங்க?"

"அம்மா போட்டாங்க" என்றான், மறைக்கத் தோன்றாதவனாக. "நான் பக்கத்துல இட்லி சாப்ட்டுட்டு இருந்தேன்."

அந்த அம்மா கத்தியோடு வெளியே வந்தார். "பெத்தவளுக்குத் தெரியாதாம்மா? இவனக் கேட்டா எல்லாத்துக்கும் 'ஆமா'வும் இல்லாம 'இல்ல'யும் இல்லாம நடுவுலயே அமுக்கி வச்சிருவான்!"

மகள் அவனிடம் தன் மொபைலை நீட்டினாள். "இப்ப நீங்களே போடுங்க." அவன் அம்மா எட்டிப் பார்த்தார். "மாமி, நீங்க டீ குடிங்க, ஆறுது" என்று மகள் குறுக்கே வந்து நின்றாள். நானும் எட்டிப் பார்க்கத்தான் நினைத்தேன்.

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டான். "'புது ஆளுங்ககிட்ட நீங்களா போய்ப் பேசுவீங்களா'ன்னு கேக்குது. கடையிலயா, வெளியிலயா?"

"ஏதாவது ஒண்ணு போடுங்க."

"எப்படிங்க போடறது? மருந்து வாங்க வர்றவர்கிட்ட பேசாம இருந்தா வேலை ஆவுமா? கல்யாண வீட்டுல நான் பேசி யாரும் கேட்டதில்ல."

"உங்களுக்கு உள்ள பாக்குற சிந்தனைதான் மூத்தது. அதான் கேள்விய இப்படிக் குடையறீங்க."

"இருக்கலாம். இப்ப நீங்க சொல்றது என்னைப் பாத்துட்டா, பரீட்சையப் பாத்துட்டா?"

மகள் மொபைலை வாங்கி அந்தக் கேள்வியை மறுபடி படித்தாள். அப்புறம் இருவரும் அந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். இரண்டாவது கேள்விக்குப் போகவே இல்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "அந்த வகை உனக்கு ஒத்துவராதுன்னு உன் பரீட்சை சொல்லுமே?"

"சொல்லும்."

"அப்ப வேணாம்னு சொல்லிடவா?"

"இன்னும் முடியலையே அத்தா. மிச்சத்த முடிக்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. அவர மட்டும்."

பரீட்சைக்காகவா, பையனுக்காகவா? அவள் முகத்தையே பார்த்தேன். இத்தனை வருடம் ஆட்களைப் பார்த்துத் துணி எடுத்துப் போட்டவன். என் மகள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை பையனின் எண்ணுக்கே போன் செய்தேன். மகள் பக்கத்தில் வந்து துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

"சொல்லுங்கண்ணே!" அவன் அம்மா. "அவன் குளிச்சிட்டு இருக்கான். என்கிட்ட சொல்லுங்க, நான் பதில் சொல்லிடறேன்."

மடித்த துண்டையே மகள் மறுபடியும் பிரித்தாள்.

"இல்லம்மா," என்றேன். "வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்."