ஒரே விரிப்பின் கீழ் இரண்டு மெத்தைகள்

கட்டில் கடையில் எல்லோரும் அவரை 'அளவுக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் அவர் மனைவியும் அப்படியே, கொஞ்சம் கிண்டலாக. நான் அங்கே பகல் நேர நர்ஸாகப் போனது அந்த மனைவியைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து படுத்த படுக்கையாகியிருந்தாள். நாக்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. இடுப்புக்குப் பின்னால் தோல் சிவந்து, புண்ணாகப் போகிற நிலை.

அவர் கடையில் சாமான் தூக்குகிறவராகச் சேர்ந்தவர். பிறகு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்க் கட்டில் பூட்டிக் கொடுக்கிற வேலை வந்தது. கட்டில் வாங்க வருகிறவர்கள் முதலில் தலைப்பலகையைப் பார்த்துத்தான் மயங்குவார்களாம். அதற்கு ஏற்ற சட்டம் அடுத்தது. மெத்தையைப் பற்றிக் கேட்டால், வீட்டில் நல்லதாகவே ஒன்று இருக்கிறது என்பார்கள். கொண்டுபோய்ப் போட்டால் பக்கவாட்டில் நாலு விரல் சந்து விழும். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் முறைப்பார்கள். இவர் பஞ்சுப் பட்டை ஒன்றை வெட்டி அந்தச் சந்தில் திணித்து, மேலே பெரிய விரிப்பை இழுத்துச் செருகிவிடுவார். சந்து இருந்ததே தெரியாது. சண்டை நின்றுவிடும். இதில் அவரை மிஞ்ச அந்தக் கடையில் ஆள் இல்லை.

அவர்கள் வீட்டில் இருந்தது அகலமான இருவர் கட்டில். தலைப்பலகையில் கொடி வேலைப்பாடு. பிள்ளைகள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அதில்தான் படுத்தார்கள். பார்த்ததுமே சொல்லிவிட்டேன்.

"இந்தக் கட்டில் ஆகாது. தாழ்வா இருக்கு, ஒரு பக்கம் சுவரு. இவங்களைப் புரட்டணும்னா நான் மேல ஏறி மண்டி போடணும். ஒடுக்கமான பேஷண்ட் கட்டிலும் ஏர் பெட்டும் வேணும்."

"அப்ப நான் எங்க படுக்கறது அக்கா?"

"அடுத்த ரூம்ல."

மனைவிதான் பேசினாள். "நான் பக்கத்துல இல்லன்னா இவருக்குத் தூக்கம் வராது. குறட்டை விட்டா கேக்க ஆள் வேணும்ல." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்கும்தான் வராது" என்றாள்.

அவள் எழுந்து நடக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதையெல்லாம் அவர்கள் கேட்கவுமில்லை. பக்கத்துப் பக்கத்தில் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவுக்காரர் அளவெடுத்தார். பழைய கட்டிலைப் பிரித்தார். தலைப்பலகையைச் சுவரின் நடுவில் திருகி மாட்டினார். அதன் கீழே ஒரு பாதியில் வாடகைக்கு எடுத்த, பக்கக் கம்பிகளை ஏற்றி இறக்கக்கூடிய பேஷண்ட் கட்டில், மறு பாதியில் சக்கரம் வைத்த ஒற்றைக் கட்டில். பகலில் நான் ஒற்றைக் கட்டிலைத் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் நின்று வேலை பார்க்கலாம். படுக்கும் நேரத்தில் அவர் அதை ஒட்டிப் போட்டுக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான்.

முதல் நாள் அவர் படுத்ததும் அவருடைய மெத்தை அமுங்கிவிட்டது. அவளுடையது காற்றடைத்தது, அமுங்கவில்லை. "நான் மாடி, நீங்க கீழ் போர்ஷன். வாடகை எவ்வளவு?" என்றாள். மறுநாள் அவர் தன் மெத்தைக்கடியில் பலகை கொடுத்து உயர்த்தினார். நடுச்சந்தில் பஞ்சுப் பட்டையைத் திணித்தார். இரண்டு மெத்தைக்கும் சேர்த்து ஒரே விரிப்பை இழுத்துச் செருகினார்.

"சந்து கண்ணுக்குத் தெரியணும். மூடி வைக்காதீங்க. நடுவுல கம்பியாவது ஏத்திவிடுங்க" என்றேன்.

"கம்பி ஏத்தினா அது ஆஸ்பத்திரி ஆயிடும் அக்கா."

"விடுங்க அக்கா," என்றாள் அவள். "பாக்க ஒரே கட்டில் மாதிரி இருக்குல்ல."

சில வாரம் இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். புண்ணும் ஆறிவந்தது.

சக்கரத்துக்குப் பூட்டு போட்டிருந்தார். ஆனால் வழவழப்பான தரையில் பூட்டிய சக்கரமும் வழுக்கும். அவர் புரளப் புரள அவருடைய கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்கிறது. பஞ்சுப் பட்டை கீழே விழுந்து, விரிப்பு பை போலத் தொங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் போனபோது அவள் விழித்திருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய இடது கால் விரிப்போடு சந்தில் இறங்கி, இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. உணர்ச்சி இல்லாத கால், வலி தெரியவில்லை. ஆனால் இடுப்பு இழுபட்டதில், கால் கீழே போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் எழுப்பல?" என்று கேட்டேன்.

"எழுப்பினா பயந்துடுவாரு. அப்புறம் தள்ளித்தான் படுப்பாரு."

தொடை எலும்பு முறிந்திருந்தது. படுத்தே கிடப்பவர்களின் எலும்பு அவ்வளவு முறுக்கைத் தாங்காது. இந்த உடம்பில் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றினார். ஆட்டிப் பார்த்தார். தன் கட்டிலை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்ன அளவுக்காரரே, வேலி போட்டாச்சா? இதுல மாடு யாரு, பயிரு யாரு?"

அவர் சிரிக்கவில்லை. அவளே சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மாலையில் நான் கிளம்புகிற நேரம் அவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் அருகில் உட்காருவார். "கொஞ்ச நேரம் கம்பியை எறக்குங்களேன்" என்பாள். "வேண்டாம்மா" என்பார். தினமும் கேட்டாள். தினமும் அதே பதில். கம்பிக்கு இடையில் கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் காட்டிக் கொடுத்தேன். அவர் கையை விட்டார், உடனே எடுத்துவிட்டார். கடையில் கட்டில் பூட்டப் போவதையும் நிறுத்திவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கேட்கிறவர்களுக்கு மெத்தையைக் காட்டுவதோடு சரி.

பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சாப்பாடு குறைந்தது. சளி கட்டியது. எலும்பு கூடுவதற்கு முன்பே ஒரு மத்தியானம் போய்விட்டாள். அவர் அப்போது நாற்காலியில்தான் இருந்தார்.

உடம்பைத் துடைத்துவிடுவதற்காக நான் கம்பியை இறக்கினேன். அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்து ஓரடி பின்னால் போனார்.

"இப்ப ஒண்ணும் ஆகாது. பக்கத்துல உக்காருங்க" என்றேன்.

மெத்தையின் விளிம்பில், பாரம் முழுக்கக் காலிலேயே இருக்கும்படி, பட்டும் படாமல் உட்கார்ந்தார். நான் வெந்நீர் எடுத்துவரப் போனேன்.