அட்டைப்படத்தில் தங்கை

முகத்துக்கு நேரே ‘எடிட்டர் மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘கத்தரி’. ஆபீசில் அவளுக்கு இந்த இரண்டு பெயர்தான். கலையும் ஃபேஷனும் பேசும் அந்த மாத இதழில் பிழை திருத்துபவளாக நுழைந்து, படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதி, நாடக விமர்சனம் எழுதித் திட்டு வாங்கி, கடைசியில் ஆசிரியர் நாற்காலியிலேயே உட்கார்ந்தவள். சும்மா கிடைத்துவிடவில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். காலரில் ஒரு சுருக்கம், கன்னத்தில் ஒரு பரு என்று எது தெரிந்தாலும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாள். ஆர்ட்டிஸ்ட் அதைத் துடைத்துவிடுவார்.

அவள் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. இதழ் கடைக்குப் போனதும், திருத்தாத படங்களை அழித்துவிட வேண்டும். உள்ளபடியான தங்கள் முகம் வெளியே கசிந்துவிடுமோ என்று பயந்தவர்களுக்கு அவள் கொடுத்த வாக்கு அது. எவ்வளவோ பெரிய மனுஷிகள் அதை நம்பித்தான் அவளுடைய கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

அவளை நம்பிய இன்னொருத்தி, கூடப்பிறந்த தங்கை. சின்ன வயதில் வெந்நீர் கொட்டி, இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தழும்பு. யாராவது செல்போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணப் படத்தில்கூட ஒரு கன்னம்தான் தெரியும். அப்படிப்பட்டவள் நாற்பது வயதில் தானாக வந்து நின்றாள்.

“ஏன்க்கா, சாதாரணப் பெண்கள்னு ஒரு இதழ் போடறியாமே. என்னையும் எடேன். ஆனா தழும்ப மட்டும் அழிச்சிடக்கூடாது. ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சு.”

“சத்தியமா அழிக்கமாட்டேன்டி!”

படம் அவ்வளவு நன்றாக வந்தது. அட்டையிலேயே போட முடிவு செய்தாள். விளம்பர மேலாளர்தான் ஓடிவந்தார்: “மேடம், உள்ளட்டையில முகப்பூச்சு விளம்பரம் வருது. இந்த முகத்தைப் பார்த்துட்டு எவன் வாங்குவான்?”

அவரை வாங்கு வாங்கென்று வாங்கி அனுப்பினாள். அதோடு விட்டிருக்கலாமே, பாவி! தனியே உட்கார்ந்து படத்தைப் பார்க்கப் பார்க்க, கண்ணுக்குத் தழும்பு மட்டுமே தெரிந்தது. தங்கைக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று மனசு சமாதானம் சொன்னது. சிவப்புப் பென்சில் வட்டம் போட்டது.

தங்கை இதழை வாங்கி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லா இருக்கா. யாருக்கா இவ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் பேச்சு ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்ற அளவோடு நின்றது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இந்த இதழ் முடியட்டும், அடுத்த இதழ் முடியட்டும் என்று இவள் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை அப்படியே சாய்ந்தாள். நெஞ்சுவலியாம். போனவள் போய்விட்டாள்.

தங்கை மகள் வந்து கேட்டாள். “பெரியம்மா, அம்மா நேரா என்னைப் பார்க்கிற மாதிரி ஒரு படம்கூட வீட்ல இல்ல. அந்த அட்டைக்கு எடுத்த படம், திருத்தாதது, கிடைக்குமா?”

ஆர்ட்டிஸ்ட் தலையைச் சொறிந்தார். “அப்பவே அழிச்சாச்சே மேடம். நீங்க சொன்னதுதானே.”

தும்பை விட்டு வாலைப் பிடிக்கக் கிளம்பினாள். அட்டைப்படத்தைத் திறக்கச் சொல்லி, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, அழித்த தழும்பை மறுபடி வரைய வைத்தாள். “இன்னும் கீழ வரும். ஐயோ, இவ்வளவு சிவப்பு இல்ல. ஓரம் ரொம்பக் கரடா இருக்கு, கொஞ்சம் மழுப்புங்க.” முடிந்ததும், தங்கையே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. விக்கி விக்கி அழுதாள்.

தங்கை மகள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தழும்பின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள்.

“தழும்பையும் அழகாக்கிட்டீங்க பெரியம்மா.”

“என்னடி சொல்ற?”

“அம்மாவுக்கு இந்தப் பக்கம் தோல் இழுத்து, உதடு கோணலா இருக்கும். கண்ணு பாதிதான் மூடும். தூங்கறப்பகூட என்னையே பார்த்துட்டிருக்கற மாதிரி இருக்கும். இது அம்மா இல்ல.”

கோபப்படவில்லை, அழவில்லை. படத்தைப் பெரியம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

கோணலான உதடா? பாதிதான் மூடும் கண்ணா? ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணை இறுக மூடி யோசித்தாள். அட்டைப்படத்து முகம்தான் வந்தது.