சொம்போடு ஏறிய ரயில்

போன வாரம் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தவன், நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "முடிஞ்சுது சித்தப்பா" என்றான். என்ன முடிந்தது என்று கேட்டேன். மியூனிக்கில் ரூம் போட்டாயிற்றாம், ரயில் டிக்கெட்டும் போட்டாயிற்றாம். நண்பர்களோடு பீர் திருவிழாவுக்குப் போகிறான். எந்தக் கிழமை திருவிழாவுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். "சனிக்கிழமைதான், அன்னைக்குத்தான் செமயா இருக்குமாம்" என்றான்.

"புரட்டாசி சனிக்கிழமையாடா?" என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் திருவிழாவும் புரட்டாசியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வரும் என்பதை நினைத்துக் கவலைப்பட்ட ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. கடல் தாண்டியதே இல்லை, கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டுவதற்கே ஆபீஸ் பஸ் வேண்டும். ஆனால் மியூனிக்குக்குப் போகும் சின்ன ரயில்கள் எங்கெங்கே நிற்கும் என்பது ஒரு காலத்தில் எனக்கு மனப்பாடம். ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் அட்மின் செக்ஷனில் இருந்தேன். அட்மின் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கேன்டீனில் சாம்பார் நீர்த்துப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஜெர்மனிக்கு ஆள் அனுப்புவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்கினோம். அதை அங்கேயே ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டு வர இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் மூர்த்தி சார், மெயின்டனன்ஸ் மேனேஜர். இன்னொருவர் முனிராஜ், ஆபரேட்டர், தொரப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், சந்தையில் கன்னடம். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே சாணைக்கல் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரை விட்டுவிட்டுப் போக முடியாது.

தேதி வந்ததும் மூர்த்தி சார் குஷியாகிவிட்டார். வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது, திரும்பும் விமானம் ஞாயிறு காலை. நடுவில் ஒரு சனிக்கிழமை, அதுவும் பீர் திருவிழாச் சனிக்கிழமை. "கடவுளா பாத்துக் குடுத்த தேதிய்யா இது" என்றார். நம் ஊர்க்காரர்களுக்கு எல்லை தாண்டிப் போய்க் குடிப்பது புதிதல்ல, சம்பள நாளன்று அத்திப்பள்ளியில் பாதி ஓசூரைப் பார்க்கலாம். "மியூனிக் என்ன, கொஞ்சம் தூரத்து அத்திப்பள்ளி" என்று சாரும் அந்தக் கணக்கில்தான் பேசினார்.

ரூம் கிடைக்கவில்லை. திருவிழா நாளில் மியூனிக்கில் ரூம் தேடுவது கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் ரூம் தேடுவது மாதிரி என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆபீசில் இன்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடித் தேடி, கடைசியில் மெஷின் கம்பெனி இருக்கும் சின்ன ஊரிலேயே ஒரு அம்மாவின் வீட்டில் மாடி அறை கிடைத்தது. அதுவும் சனிக்கிழமை காலை வரைக்கும்தான், அப்புறம் வேறு யாரோ வருகிறார்கள். அங்கிருந்து மியூனிக் ரயிலில் ஒரு மணி நேரம். கூட்டாகப் போக ஒரே டிக்கெட் உண்டு, ஆனால் அது சின்ன ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், வேக ரயிலில் ஏறினால் அபராதம். இதை மூர்த்தி சாருக்கு நான் சொன்ன தடவைகளுக்கு அளவே இல்லை. சனிக்கிழமை பையோடு கிளம்பி, திருவிழா பார்த்து, ராத்திரி ஏர்போர்ட்டுக்குப் போய்விட வேண்டியது. நன்றாகத்தான் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முனிராஜ் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் மேல் எப்போதும் கூலன்ட் எண்ணெய் வாசனை அடிக்கும், அன்று கூடவே துளசி வாசனையும் அடித்தது. "நான் வரல சார், வேற ஆள அனுப்புங்க" என்றார். ஏன் என்றால், புரட்டாசி சனிக்கிழமை அவருக்குத் தளிகை. நாமம் போட்டு, சொம்பு எடுத்து, கோவிந்தா சொல்லி வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி, அந்த அரிசியைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் இல்லை. இந்த வருஷம் அது வெறும் வழக்கம் இல்லை. அவர் மனைவி லட்சுமம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், இப்போது மூன்றாவது. ஏழாம் மாசம். ஒரு சனிக்கிழமையும் தப்பாமல் தளிகை போடுவதாக இருவரும் வேண்டியிருந்தார்கள்.

"ரூம்லயே பொங்கிக்குங்களேன். அரிசி இங்கிருந்து குடுத்தனுப்பறேன்" என்றேன்.

"சொந்த அரிசி ஆவாது சார். அடுத்தவங்க கையால போடணும். அந்த ஊருல நான் எங்க போயி சொம்ப நீட்றது?"

மூர்த்தி சார் கத்தினார். வேறு ஆளை அனுப்பினால் மெஷினை நம்பி ஒப்புக்கொள்ள முடியாது என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் நான் அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு மெயில் எழுதினேன். சனிக்கிழமை காலையில் எங்கள் ஆள் நெற்றியில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் நின்று ஒரு பிடி அரிசி கேட்பார், தயவுசெய்து பயப்படாதீர்கள், அரிசி போடுங்கள், அப்புறம் சமையலறையையும் கொஞ்சம் கொடுங்கள் என்று. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிரமமான இங்கிலீஷ் அதுதான். ஒரு வரியில் பதில் வந்தது. பாத்திரம் அவரே கொண்டுவருவாரா என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்துக் காட்டியதும் முனிராஜ் முதல் தடவையாகச் சிரித்தார். நாமம் போட்ட பித்தளைச் சொம்பும் மந்தாரை இலையும் பெட்டிக்குள் போயின. காலையில் தளிகையை முடித்துவிட்டு முற்பகல் ரயில். முடிந்ததும் மூர்த்தி சாரின் போனிலிருந்து கம்பெனி செல்போனுக்குப் பேச வேண்டும். அந்தப் போனை எடுத்துக்கொண்டு தொரப்பள்ளிக்குப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அங்கே எனக்குச் சாப்பாடும் உண்டு.

சனிக்கிழமை போனேன். சின்ன வீடு, சுண்ணாம்பு அடித்து மாவிலை கட்டியிருந்தது. லட்சுமம்மா அக்கம்பக்கத்து அரிசியில் பொங்கல் வைத்து, மாவிளக்கு ஏற்றி, இலையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கற்பூரமும் காட்டியாகிவிட்டது. எனக்கு இலை போட்டாள். "நீயும் உக்காரும்மா" என்றேன்.

"அவரு படைச்சேன்னு சொன்ன பொறவுதான் சாப்புடுவன். போறப்ப பேசி வெச்சிருக்கறம். அவரும் அப்பிடித்தான்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நம் மதியம் அவர்களுக்குக் காலை. ரயில் நேரத்துக்காக அந்த வித்தியாசத்தைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருந்தவன் நான். ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுக்கும் அந்தக் கணக்கு உண்டு என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை. புருஷன் எங்கே இருந்தாலும் உச்சிவேளை உச்சிவேளைதானே என்று நினைத்திருக்கிறார்கள்.

சரி, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தைய நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. காலிரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, "வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு இதென்னாடி வீம்பு" என்று திட்டிப் பார்த்தார்கள். நான் மூர்த்தி சாருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அங்கே ரூம் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு அடித்தேன். அவர் எடுத்து, இருவரும் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள் என்றார். காலையிலேயே என்றால், பொங்கவில்லை.

நடந்தது இதுதான் என்று பின்னால் தெரிந்தது. சனிக்கிழமைகளில் கூட்டம் நிரம்பினால் பீர் கூடாரத்துக் கதவை மூடிவிடுவார்கள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ மூர்த்தி சாரிடம் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக முனிராஜை இழுத்துக்கொண்டு முந்தைய ரயிலுக்கு ஓடியிருக்கிறார்.

வெயில் சாயத் தொடங்கியது. லட்சுமம்மாவுக்கு உதடு வறண்டு பேச்சு குறைந்துவிட்டது. ஒரு முறை எழுந்திருக்கப் பார்த்துத் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்னை வெளியே கூப்பிட்டு, "போனு வந்துச்சின்னு சொல்லிடுப்பா. பெருமாளு ஒண்ணும் கோவிச்சிக்கமாட்டாரு" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு நடையில் கொஞ்சம் உலாத்திவிட்டு உள்ளே போய், "பேசிட்டாரும்மா, படைச்சாச்சாம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த வீட்டுல அண்ணா அரிசி போட்டாங்களாம்?"

"அங்க... அந்த வீட்டுக்கார அம்மா..." என்று இழுத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வேளையில் எனக்கு வந்த பயம் இன்றுவரை வேறெதற்கும் வந்ததில்லை. ஆட்டோவைக் கூப்பிடலாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் வாயைத் திறப்பாளா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். மூர்த்தி சாரையும், பீர் கண்டுபிடித்தவனையும், ரூம் போட்ட என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன்.

பிறகு போன் அடித்தது. பின்னால் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. முனிராஜ்தான். போனை அவள் கையில் கொடுத்தேன்.

"தின்னாரா?" என்றாள் தெலுங்கில். சாப்பிட்டீங்களா என்று. அவர் ஏதோ சொன்னார். அதற்கு மேல் அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், யார் யார் போட்டார்கள் என்பது.

வீட்டுக்கார அம்மா விடியற்காலையிலேயே வாசலில் ஒரு கோப்பை அரிசியோடு நின்றிருக்கிறார். பொங்க நேரமில்லாவிட்டாலும் சொம்பில் அது விழுந்துவிட்டது. ரயிலில் நிற்க இடமில்லை. எல்லோரும் தோல் டிரவுசரும் இறகு வைத்த தொப்பியுமாகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள். நாமமும் வேட்டியும் சொம்புமாக நின்ற முனிராஜையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மூர்த்தி சார் முதலில் தெரியாத ஆள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நாலு பேர் வந்து இது என்ன என்று கேட்டபோது அவரே முன்னால் வந்து தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கோவிந்தாவை விளக்கியிருக்கிறார். ஒரு கிழவி பையிலிருந்து ரொட்டி எடுத்துப் போட்டார். ஒருவர் ஆப்பிள் போட்டார், ஒருவர் முள்ளங்கி போட்டார். திருவிழாத் திடலுக்கு மேலே புல் சரிவில் மந்தாரை இலையை விரித்து, பொங்காத அரிசியும் ரொட்டியும் ஆப்பிளும் வைத்துப் படைத்திருக்கிறார் முனிராஜ். கற்பூரம் ஏற்றவில்லை, நெருப்புக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் போன் மூர்த்தி சாரிடம், மூர்த்தி சார் கூடாரத்துக்குள்ளே. கதவைச் சாத்திவிட்டார்கள். சார் ஒன்றுக்குப் போக வெளியே வரும்வரை முனிராஜ் வாசலிலேயே நின்றிருக்கிறார், அவரும் பட்டினியாக.

"பொங்கலயே, ஆவுமா?" என்று போனில் அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"அவங்க அவங்க ஊட்டுல சாப்புடறததான போட்டாங்க. ஆவும்" என்றாள் லட்சுமம்மா. சொல்லிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தாள். முதல் பிடி உள்ளே போகிற வரைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, பொங்கல் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பொங்கலில் ஏது காரம்.

கார்த்திகை மாசம் பெண் பிறந்தது. அந்தச் சொம்பு அரிசியை முனிராஜ் அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தார், பொங்கி எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். கொஞ்சம் குழைந்திருந்தது.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை, ஷெட்டைக் குடோனாக்கிவிட்டார்கள். தொரப்பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் மனைப்பிரிவு. நானும் அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறேன். அடுக்குமாடி, பெரிய கேட், வாட்ச்மேன். யார் வந்தாலும் எந்த வீட்டுக்கு என்று போனில் பதிந்து, வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் உள்ளே விடுவார்கள்.

போன புரட்டாசியில் முனிராஜ் இங்கே வந்தாராம். நாமமும் அதே சொம்புமாக. எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறான். என் பெயரைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பான். அவர் சொல்லவில்லை. மறுநாள் தெரிந்து நான் போன் செய்து கோபித்துக்கொண்டேன்.

"ஊட்டப் பாத்துப் போனா அது விருந்து சார்" என்றார். "சொம்பு எடுத்தா எல்லா ஊடும்தான். அவன் போனுல அது இல்லையாம்."

அண்ணன் மகன் போன மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. குளித்துவிட்டு ஒரு படி அரிசியோடு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். வாட்ச்மேன் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "யாரு சார் வரணும்? பேர் சொல்லுங்க, பதிஞ்சிடறேன்" என்றான். யாராவது என்றேன். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் வந்தார்கள், கூரியர் வந்தது. சொம்போடு யாரும் வரவில்லை.