படுக்காமல் பார்த்த ஆட்டம்

தொண்ணூறுகளில், யுத்தம் எங்கள் வாசல்வரை வந்து நின்ற காலம். கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இராணுவ முகாம். ஒரு வருடம் வெளிநாட்டு அணிகளை அழைத்து கொழும்பில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தினார்கள். இலங்கை அணியில் என் தம்பியும் இருந்தான். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்தவன், கொழும்பில் ஒரு கழகத்தில் சேர்ந்து, எப்படியோ முட்டி மோதி உள்ளே போய்விட்டான்.

"ஆமிக்காரனுகள்ட டீமுக்கா விளையாடுறான்?" என்று ஊரில் சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். "என்ட மகன் விளையாடினா அது அவன்ட டீமும்தான்" என்று அம்மா அவர்கள் வாயை அடைத்துவிடுவா.

ஊரில் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு மாமா தன் வான் வண்டியின் பட்டரியைக் கழற்றி டிவிக்குப் பூட்டினார். முதல் ஆட்டத்துக்கு அவர் வீட்டு முன்னறையில் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். இரண்டாம் பாதியில் எங்கள் அணிக்காரன் ஒருவன் கோல் அடித்தான். நாங்கள் கத்தக்கூட முடியவில்லை, அதற்குள் முகாமிலிருந்து படபடவென்று வெடிச்சத்தம். சத்தம் கேட்டால் படுப்பது அப்போது எங்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமல்ல. இருபது பேரும் குப்புற விழுந்தோம். மாமாவின் கால் பட்டு வயர் கழன்று டிவியும் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை சுட்டார்கள். நான் மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே ஊர்ந்தேன்.

எழும்பி வயரைப் பூட்டியபோது ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டாவது கோல் அடித்தவர் என்று அறிவிப்பாளர் தம்பியின் பெயரைச் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஒவ்வொரு கோலுக்கும் ஆமிக்காரர் களிப்பில் வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். திரும்பக் காட்டுவார்களா என்று பார்த்திருக்க, பட்டரி இறங்கிவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் கோலுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் சுட்ட துவக்கோடு நிமிர்ந்து நின்றார்கள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த நான் சீமெந்துத் தரையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் அடுத்த ஆட்டம்; மாமா பட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். தொடங்குமுன் அம்மா எழுந்து நின்றா.

"இண்டைக்கு ஒருத்தரும் படுக்கப்படா. பயமெண்டா இப்பவே போங்ககா. எனக்கு என்ட புள்ளையப் பாக்கணும்."

நாலைந்து பேர் போனார்கள். குறை சொல்லமாட்டேன், அவர்கள் கைக்குழந்தைக்காரர். மாமா மட்டும் வயரைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து நடுக்கோட்டருகே கிடந்தபோது வெடிக்கத் தொடங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். கோல் விழவில்லை. அப்படியென்றால் இது கொண்டாட்டச் சூடு அல்ல. கூரையில் ஓடு ஒன்று உடைந்து சிதறியது. நான் மேசைக்கு அடியில் போகக் குனிந்துவிட்டேன்.

அம்மா தலையைத் திருப்பவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தா.

"இரு புள்ள. அவன்ட காலுக்குப் பந்து வருது."

இருந்தேன். எல்லாரும் இருந்தோம். தம்பி எதிரணியில் இருவரை ஏய்த்துத் தாண்டி ஓடி, ஓங்கி அடித்தான். பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. "ஐயோ!" என்று நாங்கள் போட்ட சத்தத்தில் வெடிச்சத்தமே ஒரு கணம் கேட்கவில்லை. கடைசி விசில்வரை ஒருவரும் அசையவில்லை. யார் யாரைச் சுட்டார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அதைப் புத்தியான காரியம் என்று சொல்லமாட்டேன். என் பிள்ளைகள் அப்படி இருந்தால் காதைப் பிடித்து இழுத்துப் படுக்க வைப்பேன். ஆனால் தம்பி அடித்த கோலை இதுவரை நான் பார்த்ததில்லை; அவன் தவறவிட்ட அந்த ஒரு அடியை மட்டும் நிமிர்ந்து இருந்து பார்த்தேன், அதை எந்தத் துவக்காலும் என்னிடமிருந்து பறிக்க முடியவில்லை.