'கூட' என்றொரு சொல்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த பாலர் பள்ளியில் லோகேஸ்வரி பதினோரு வருடமாக ஆசிரியை. அவள் உட்கார்ந்து பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருப்பாள்.

அந்த வாரம் அவள் கால் ஓரிடத்தில் தரிக்கவே இல்லை. காரணம் சுமையா என்ற ஐந்து வயதுச் சிறுமி. அப்பாவின் வேலைக்காக வேலூரிலிருந்து வந்து நான்கு மாதம்தான். நூறு வரை தடங்கலின்றி எண்ணுவாள். ஆனால் இரண்டு தட்டில் பிஸ்கட் வைத்து, "எதுல கூட இருக்கு?" என்று கேட்டால் விழிப்பாள்.

"கணக்குல வீக் லா. ரிப்போர்ட்ல எழுதிடுங்க. வெள்ளிக்கிழமை அவ அம்மா வராங்க," என்றார் தலைமையாசிரியை இராஜம்மா.

லோகேஸ்வரி பேனாவை எடுத்தாள், வைத்தாள். எழுத மனம் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் தட்டுகளை வைத்துக் கேட்டாள். சுமையா யோசித்துவிட்டு, "யாரு கூட டீச்சர்?" என்றாள்.

'கூட' என்பதை 'யாரோடு' என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று லோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. "அம்மா தட்டுல நெறைய சோறு போட்டா என்ன சொல்லுவ?"

"ஜாஸ்தி, வேணாம்னு சொல்லுவேன்."

"இதுல எது ஜாஸ்தி?"

விரல் உடனே சரியான தட்டைக் காட்டியது. "எது கம்மி?" என்றதும் மற்றதைக் காட்டியது.

மறுநாள் சுமையாவின் அம்மா ஜரீனாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு மெதுவாக, "நாலு மாசமா இதுதானா டீச்சர்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் கூட, அதிகம், ஜாஸ்தி மூன்றையும் சேர்த்தே சொல்லிக் கேட்டாள். பிள்ளைகளும் தண்ணீர்ப் போத்தலை, செருப்பை, மழையைக்கூட ஜாஸ்தி, கம்மி என்று கத்தித் திரிந்தார்கள். அவளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் குமுதா என்ற பிள்ளைக்கு, மூன்றே கேள்வி கேட்டுவிட்டு 'வீக்' என்று எழுதியிருந்தாள். தன்னுடைய கையெழுத்தேதான்.

சனிக்கிழமை பூச்சோங்கில் குமுதாவின் வீட்டு வாசலில் நின்றாள்.

"கணக்குன்னாலே அழுவுறா டீச்சர்," என்றார் குமுதாவின் அம்மா. "நீங்கதானே வீக்னு எழுதுனீங்க?"

"ஆமாங்க. ஒழுங்கா கேக்காம எழுதிட்டேன்," என்று சொல்லிவிட்டு, லோகேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். "ஒரு மணி நேரம் அவகூட உக்காரலாமா?"

அம்மா கதவைத் திறந்துவிட்டார்.