கப்பல் ஹாரன் அடிக்கவில்லை

நான், என் மனைவி செல்வி, அவள் தம்பி முருகேசன், அவன் மனைவி லதா. மகன் செலவில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பலில் போனோம்.

திருகோணமலையில் இறங்கிக் கோயில் பார்த்தோம். நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும் என்றார்கள். திரும்பும் வழியில் முருகேசன் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம ஜெயங்கொண்டம் பஸ்ஸு மாதிரிதான் மாமா. ஹாரன் அடிக்காம எடுக்க மாட்டான். நீங்க போங்க" என்றான். நானும் நம்பிக் கப்பலேறினேன்.

ஹாரனே அடிக்கவில்லை. ஏணியைத் தூக்க வந்தார்கள். லதா அழுதாள். செல்வி ஏணியில் போய் நின்றுகொண்டாள். "என் தம்பி வராம இதத் தூக்கக் கூடாது."

முருகேசன் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான்.

"தூரத்துலேருந்தே கை காட்டுனேன் மாமா, ஒருத்தனும் பாக்கல."

"கண்டக்டர் டீ குடிக்கப் போயிட்டாரு" என்றாள் லதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீதிப் பயணம் நிம்மதியாகப் போனது. இப்போதெல்லாம் அரியலூருக்குப் போனாலும் பஸ் கிளம்பும் முன் தலையை எண்ணிவிடுகிறேன். நாலு.