நாலாவது கார்டு

கரண்ட் போனால் பேய் என்று அலறும் உங்களைப் பார்த்துச் சிரிப்பவன் நான், பிள்ளைகளா. இன்றைக்கும் பேயை நம்பச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள்.

கடலூரில் நம் வீடியோ கடை உங்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணத்துக்கு நாலு கேமரா வைத்தால் நாலு மெமரி கார்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உங்கள் சகாயம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். அது ஒரு அப்பா மாதிரி, நாலு பிள்ளைகளை அனுப்பும், ஆளுக்கு ஒரு கார்டு, நாலு பேரும் வேலை முடித்துத் திரும்பும்வரை காத்து நிற்கும். பிறகுதான் திரையில் "எல்லாரும் வந்தாச்சு" என்று வரும். அதைப் பார்த்துத்தான் கார்டுகளை அழிப்பேன், அடுத்த கல்யாணத்துக்கு வேண்டுமே.

நம் தெரு சூசை அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தேன். மாதா கோயிலுக்குக் கிளம்பும் முன் அவர் மகள் நெற்றியில் சிலுவை போட்டு அழுதார். அது இருந்தது நாலாவது கார்டில் மட்டும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை மகள் வந்தாள்.

"அப்பா சிலுவ போட்டத மட்டும் குடுங்க சித்தப்பா, போதும்."

நாலாவது ஃபோல்டரைத் திறந்தால் காலி. சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பிவிட்டுச் சிதம்பரத்தில் இருந்த சகாயத்துக்குப் போன் போட்டேன்.

"அதுவா மாமா, அது மொத புள்ள வந்ததுமே எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிடும். நாலு தடவ காத்திருக்கணும், நான் ஒரு தடவதான் எழுதியிருந்தேன். நாலாவது பாதியில இருக்கறப்பவே கார்ட உருவிட்டீங்க போல. என்னுதுல போன மாசமே சரி பண்ணிட்டேன்."

"எனக்கு ஏன்டா சொல்லல?"



"நானும் இங்க கடை போட்டுட்டேன்ல மாமா."

அவனைக் காலேஜில் சேர்க்க அலைந்தவன் நான். கோபம்கூட வரவில்லை, போனை வைத்துவிட்டேன். சூசை அண்ணன் வீட்டுக் கல்யாணத்தன்று காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்தானே, அன்றைக்குத்தான் கடை திறந்தானாம்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். சாயங்காலம் அந்தப் பெண் வருவதற்குள், உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மறுபடி போட்டேன். கார்டு எதுவும் செருகவில்லை. நாலாவது ஃபோல்டரில் ஒரு வீடியோ இருந்தது.

சிலுவை போடுகிறார், மகள் அழுகிறாள், எல்லாரும் வெளியே போகிறார்கள். அங்கேயே நான் கேமராவை நிறுத்தினேன், சத்தியமாக நிறுத்தினேன். வீடியோ நிற்கவில்லை. காலி வீட்டில் சூசை அண்ணன் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு திரும்பி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்தாச்சு மாமா" என்று கேமராவுக்குப் பின்னால் ஒரு குரல்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "என்னங்க, இது தம்பி குரலாச்சே!"

சூசை அண்ணன் நிம்மதியாகத் தலையாட்டினார். என்னைப் போலவே நம்பிவிட்டார். போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

மகளுக்குச் சிலுவை போட்டது வரை வெட்டிக் கொடுத்தேன். மீதியை யாருக்கும் காட்டவில்லை. தாழ்ப்பாள் விழுந்த பிறகு, இன்னும் வந்து சேராத ஒரு பிள்ளையின் சின்னக் கை வெளியே இருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீடியோ முடியும்வரை யாரும் திறக்கவில்லை.